பெட்டியில் 4 வாட், மீட்டரில் 38: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

தேனிக்காரன்:
கரண்ட் கொஞ்சமாகத்தான் இழுக்கும் என்று நம்பி வாங்கிய கம்ப்யூட்டர் என்னை ஏமாற்றிய கதை இது. 2012 மின்வெட்டில் மாட்டியவர்களுக்குப் புரியும். எங்கள் ஊரில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. அப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருந்தேன். இரண்டு பென்டியம் 4 கம்ப்யூட்டர், இன்வெர்ட்டருக்கு ஒரு 150 ஏஎச் பேட்டரி. கரண்ட் போன இரண்டரை மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும். விண்ணப்பம் பாதியில் நிற்கும், எதிரே உட்கார்ந்திருக்கிற பையன் முகத்தைப் பார்க்க முடியாது.

ரிச்சி தெருவில் இன்டெல் ஆட்டம் 230 பிராசஸர் போட்ட போர்டு செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது, பிராசஸர் வெறும் 4 வாட் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஜீரோ வாட் பல்பு மாதிரிதானே, விடியவிடிய ஓடும் என்று கணக்குப் போட்டு, சென்னைக்குப் பஸ் ஏறி இரண்டு வாங்கி வந்தேன். மாட்டி, பிளக்கில் வாட் மீட்டரைச் சொருகினால் 38. அதுவும் மானிட்டர் சேர்க்காமல்!

போர்டைக் குனிந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஹீட் சிங்க் இரண்டு இருக்கிறது, ஆனால் ஃபேன் பிராசஸர் மேல் இல்லை, பக்கத்துச் சிப்செட் (பிராசஸரை மெமரி, டிஸ்க்கோடு இணைக்கிற சிப்) மேல் சுற்றுகிறது. பிராசஸர் ஹீட் சிங்கில் விரலை வைத்தால் ஆறிப்போன டீ கிளாஸ் மாதிரி இருக்கிறது. அப்புறம் தேடிப் படித்தேன்: அந்த 945ஜிசி சிப்செட்டின் டிடிபி, அதாவது வெளியேற்ற வேண்டிய சூட்டின் அளவு, மட்டும் 22 வாட். மாப்பிள்ளை நாலு இட்லி சாப்பிட்டார், துணைக்கு வந்தவர் இருபத்திரண்டு. கூடவே 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க், பழைய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). வாங்குவதற்கு முன்னால் படிக்காதது என் தப்பு.

வேடிக்கை என்னவென்றால், அடுத்து வந்த ஆட்டம் டி510 பிராசஸரில் டிடிபி 13 வாட் என்று போட்டிருந்தார்கள். "இது கூட இழுக்கும்ணே, பழசே இருக்கட்டும்" என்று எனக்கு அறிவுரை வேறு. நிஜம் தலைகீழ். முன்பு சிப்செட்டில் இருந்த மெமரி கண்ட்ரோலரும் கிராஃபிக்ஸும் பிராசஸருக்குள்ளேயே வந்துவிட்டதால், வெளியே மிச்சமிருந்த சிப்புக்கு 2 வாட் சொச்சம்தான்.

38 ஆனாலும் பென்டியம் 4-க்கு எவ்வளவோ தேவலை. ஆனால் கடையில் பெரிய மிச்சம் கிடைத்தது டப்பா மானிட்டர் இரண்டையும் தூக்கிப் போட்டு எல்இடி வாங்கிய அன்றைக்குத்தான்.

தோப்புக்காரர்:
அண்ணே, நீங்கள் வாட்டில் ஏமாந்தீர்கள், நான் மில்லி ஆம்பியரில்.

பொள்ளாச்சி பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் மண் ஈரம் பார்க்க முதலில் ராஸ்பெரி பை 4 என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் வைத்தேன். பிளாஸ்டிக் பெட்டி, சித்திரை வெயில். மதியம் ஆனால் 80 டிகிரியைத் தொட்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரத்துக்கு ஒரு எண் படிக்க ஒரு முழுக் கம்ப்யூட்டர் எதற்கு என்று அதைக் கழற்றிவிட்டு ஈஎஸ்பி32 என்கிற வைஃபை உள்ள சின்னச் சிப் போர்டுக்கு மாறினேன்.

ஆழ்ந்த தூக்கத்தில் அந்தச் சிப்புக்கு 10 மைக்ரோ ஆம்பியர் போதும். 2500 எம்ஏஎச் செல் ஒன்று போட்டேன், வருஷக்கணக்கில் வரும் என்று நினைப்பு. பதின்மூன்றாம் நாள் செத்துவிட்டது. மீட்டரைச் சீரியலில் வைத்துப் பார்த்தால், தூங்கும்போதே 8 மில்லி ஆம்பியர் போகிறது. சிப் தூங்குகிறது, போர்டு தூங்கவில்லை. அதிலிருந்த, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற 1117 ரெகுலேட்டருக்கு மட்டும் சும்மா இருக்க 5 மில்லி ஆம்பியர் வேண்டும். யுஎஸ்பி சிப் கொஞ்சம், சிவப்பு எல்இடி கொஞ்சம். தோப்பில் ராத்திரி யார் பார்க்க அந்த விளக்கு?

எல்இடியைச் சால்டரிங் அயர்னால் எடுத்தேன். ரெகுலேட்டரை மாற்றி, போர்டின் 3.3 வோல்ட் பின்னில் நேராகக் கொடுத்தேன். அடுத்த தலைவலி: வைஃபை எழுந்ததும் சட்டென்று 200 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும், புது ரெகுலேட்டர் தடுமாறும், போர்டு ரீசெட் ஆகும். பக்கத்தில் 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தபிறகு அடங்கியது. இந்த மழைக்காலம் முழுக்க அதே செல்தான் ஓடுகிறது.

சுன்னாகம்:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். 2022 பங்குனிக் கடைசியில பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கிடந்தனாங்கள். றவுட்டரையும் பை 4 ஒண்டையும் இன்வெர்ட்டரிலதான் விட்டிருந்தனான். இரண்டும் சேர்ந்து 12, 13 வாட் வராது. ஆனா ஒண்டையும் கொழுவாமலே அந்த இன்வெர்ட்டர் இரைஞ்சுகொண்டு ஒரு அம்பியர் தின்னுது! 12 வோல்ற்றை 230 ஆக்கி, பிறகு அடாப்டரில திருப்பி 5 ஆக்கிறது என்ன விசர்வேலை எண்டு, பற்றரியில இருந்து நேர பக் கன்வெர்ட்டர் (வோல்ற்றைக் குறைச்சுத் தாற சின்னப் போர்ட்) போட்டு எடுத்தன்.

திரையில மஞ்சள் மின்னல் அடையாளம் வந்து வந்து போச்சுது. வோல்ற் காணாதாம். கன்வெர்ட்டர் வாசலில 5.1, பையில 4.6. வயர் நீட்டு, மெல்லிசும். பையை பற்றரிக்குப் பக்கத்தில தூக்கி வைச்சன், சரி.

கோவை கீபோர்டு:
லேப்டாப் கதை ஒன்று. தங்கைக்குக் காலேஜ் சேரும்போது, "6 வாட் பிராசஸர், சார்ஜ் நிற்கும்" என்று நான்தான் இன்டெல் செலரான் என்4020 போட்ட லேப்டாப் வாங்கித் தரச் சொன்னேன். என்னுடையதில் இன்டெல் ஐ5-8250யு, 15 வாட். ஏறக்குறைய ஒரே அளவு பேட்டரி. இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் வைத்து ஒரே வேலை பார்த்தால், சார்ஜில் பெரிய வித்தியாசமே இல்லை. பெரிய பிடிஎஃப் ஒன்றைத் திறக்க என்னுடையது குபீரென்று 15-ஐயும் தாண்டி இழுத்து, மூன்று நொடியில் முடித்துவிட்டுத் தூங்கிவிடும். அவளுடையது அதே ஃபைலோடு இருபது நொடி மல்லுக்கட்டும், அத்தனை நேரமும் திரை எரிந்துகொண்டிருக்கும். டிடிபி என்பது எவ்வளவு சூட்டை வெளியேற்ற ஏற்பாடு வேண்டும் என்பதற்கான எண். சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டது என் புத்தி.

இப்போது மினி பிசிகளில் வருகிற இன்டெல் என்100 பிராசஸருக்கும் இதே 6 வாட்தான் போடுகிறார்கள். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) எத்தனை வாட் வரை இழுக்கத் திறந்துவிட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

(தங்கை இன்னும் என்னைத் திட்டுகிறாள்.)

பழைய பஞ்சாங்கம்:
ஆப்பிளின் எம்1 சிப் போட்ட, ஃபேன் இல்லாத மேக்புக் ஏர் வைத்திருக்கிறேன். கோடு கம்பைல் செய்யும்போது முதல் சில நிமிஷம் பறக்கும், அப்புறம் சூடேறி மெதுவாகும். எனக்கு அது போதும். எக்ஸ்86-க்கு (இன்டெல் வகைப் பிராசஸருக்கு) எழுதிய புரோகிராமை இதில் மொழிமாற்றி ஓட்டுவதைப் பெரிய அதிசயமாகப் பேசுகிறார்கள். 2000-லேயே டிரான்ஸ்மெட்டா கம்பெனியின் குரூசோ பிராசஸர் அதே வித்தையைக் காட்டியது, லினக்ஸ் எழுதிய டோர்வால்ட்ஸ் அப்போது அங்கேதான் வேலையில் இருந்தார். சத்தம் போட்ட அளவுக்கு விற்கவில்லை, பாவம்.

தேனிக்காரன்:
யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு, பரணில் கிடந்த அந்த ஆட்டம் பெட்டியை இறக்கி மீட்டரைச் சொருகினேன். பவர் பட்டனைத் தொடவே இல்லை. பெட்டி அணைந்தே கிடக்கிறது, மீட்டர் 5 காட்டுகிறது. கடை நடத்திய ஆறு வருஷமும் ராத்திரி ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது பிளக்கைப் பிடுங்கியதே இல்லை. மகன் கால்குலேட்டரை எடுத்துவிட்டான், நான் கீழே டீ குடிக்கப் போகிறேன்.