ஆரக்கிள் டேட்டாபேஸ்ல ரெண்டாவது பக்கம் காலியா வருது, யாராவது வழி சொல்லுங்க மக்கா

குலசேகரத்துல மாமாவோட ரப்பர் கடைக்கு நான்தான் கணக்கு சாஃப்ட்வேர் எழுதி குடுத்தது. ஷீட்டு, ஒட்டுப்பால்னு எடை போடப் போட ஒவ்வொரு என்ட்ரியா விழுந்து இப்போ 60 ஆயிரத்துக்கு மேல ஆயிட்டு, ஸ்கிரீன திறந்தா மொத்தத்தையும் இழுத்துட்டு வருது, மாமா சாயா குடிச்சி கிளாச கழுவி வச்ச பெறவும் சுத்திட்டுதான் கெடக்கும்.

அதான் பக்கத்துக்கு 20 வரியா காட்டப் பாக்கேன். முன்னாடி மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், குவெரி கடைசில லிமிட் 20ன்னு போட்டா 20 வரி மட்டும் வரும், சோலி முடிஞ்சிரும். இப்போ பழைய சர்வர்ல ஆரக்கிள் 11ஜி ஆக்கும், அதுக்கு லிமிட்டும் தெரியாது, அடுத்த வெர்ஷன் 12சியில வந்த ஃபெட்ச் ஃபர்ஸ்டும் தெரியாது. அதனால ஒவ்வொரு வரிக்கும் ஆரக்கிளே போடுற வரிச நம்பரான ரோநம் <= 20ன்னு போட்டு புது தேதி மேல வர அடியில ஆர்டர் பை தேதி டெஸ்க் குடுத்தேன், ஏதோ 20 வரிய எடுத்துட்டு அப்புறமா வரிசப்படுத்துது, நேத்து பில்லு ஒண்ணு கூட இல்ல! ஆர்டர் பைய உள்ள சப்குவெரில (குவெரிக்குள்ள இன்னொரு குவெரி) வச்சி ரோநம்ம வெளிய போட்டதும் அது சரியாச்சு.

ஆனா அடுத்த பக்கத்துக்கு ரோநம் > 20ன்னு குடுத்தா ஒரு வரியும் வரல. மொத வரிக்கு 1ன்னு நம்பர் போட்டு அத தள்ளிருது, அடுத்த வரியும் திரும்ப 1 தான், பெறவு எப்படி 20 தாண்டும்?

இதுக்கு ரோநம்முக்கு ஒரு பேரு குடுத்து இன்னொரு சப்குவெரி சுத்தணுமா, இல்ல வரிசப்படுத்தி நம்பர் போடுற ரோ நம்பர் ஓவர் ஃபங்ஷன் போடணுமா, எது வேகம்? ஒரே தேதில நெறைய பில்லு கெடக்கு, ஆர்டர் பைல பில் நம்பரையும் சேக்கலைன்னா ஒரே வரி ரெண்டு பக்கத்துலயும் வருமோ? சாயங்காலம் கடையில ஆள் கூடுமுன்ன சரி பண்ணணும்.