லூபிதா தோவார்: ஸ்பானிய 'டிராகுலா'விலிருந்து தொடங்கலாமா?

கேள்வி:
1931 'டிராகுலா', ஆங்கிலத்தில் 75 நிமிடம், ஸ்பானியத்தில் 104. அரங்கும் கதையும் ஒன்றே. டப்பிங் செய்யாமல் ஏன் திரும்ப எடுத்தார்கள்? ஸ்பானியப் பிரதியில் நடுவே படம் மங்குவது ஏன்? ஸ்பானியப் படத்தின் நாயகி லூபிதா தோவாரின் மற்ற படங்களில் எதைப் பார்ப்பது?

பதில் 1:
பதிந்த ஒலியோடு வேறு குரலைக் கலந்து மறுபடி பதிவதில் அன்று தரம் கெட்டது, இரைச்சல் ஏறியது. அதனால் வேற்றுமொழிச் சந்தைக்கு அந்த மொழி நடிகர்களை வைத்தே முழுப்படமும் எடுத்தார்கள். படத்தை எடுத்த யுனிவர்சல் நிறுவனத்தில் இந்த ஸ்பானியப் படங்களுக்குப் பொறுப்பு பால் கோனர். பகலில் ஆங்கிலப் படத்துக்கு இயக்குநர் டாட் பிரவுனிங் குழு, இரவில் ஸ்பானியப் படத்துக்கு இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபோர்டு குழு. மெல்ஃபோர்டுக்கு ஸ்பானியம் தெரியாது. என்ரிகே தோவார் ஆவலோஸ்தான் மொழிபெயர்த்துச் சொன்னார்.

பகலில் எடுத்ததைப் பார்த்துவிட்டு இரவில் எடுக்கலாம் என்பது பெரிய அனுகூலம். கோட்டைப் படிக்கட்டில் டிராகுலா முதலில் தோன்றும் காட்சியைக் கவனியுங்கள்: ஸ்பானியப் படத்தில் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் ராபின்சனின் கேமரா அவரை நோக்கி மேலே நகர்ந்து போகிறது.

குறை உச்சரிப்பில். டிராகுலாவாக வரும் வில்லாரியாஸ் ஸ்பெயின்காரர், லூபிதா மெக்சிகோ, நாயகன் பாரி நார்ட்டன் அர்ஜென்டினா. ஒரே படத்தில் வருபவர்கள் ஆளுக்கொரு ஸ்பானியம் பேசுவது அந்த மொழிக்காரர் காதை உறுத்தும். வில்லாரியாஸின் கண் உருட்டலும் ஆங்கிலப் படத்தின் டிராகுலாவான லுகோசிக்கு ஈடாகாது. படத்தைத் தாங்குவது நாயகி ஏவாவாக வரும் லூபிதா.

பதில் 2:
மங்கலுக்குக் காரணம் உங்கள் பிரதி அல்ல. அந்தக் காலத்துப் படச்சுருளான நைட்ரேட் சுருள் நாளானால் சுருங்கி, பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகும். அமெரிக்காவில் எஞ்சியிருந்த பிரதியில் மூன்றாம் சுருள் அப்படிக் கெட்டுவிட்டது. கியூபாவின் திரைப்படக் காப்பகத்திலிருந்த பிரதியிலிருந்து அதை எடுத்துச் சேர்த்தார்கள். அது தேய்ந்த பிரதி என்பதால் அந்தப் பகுதி மட்டும் தனியாகத் தெரிகிறது.

பதில் 3:
அடுத்து 'சான்டா' (1932) பாருங்கள். ஒலியைப் படச்சுருளிலேயே பதித்த முதல் மெக்சிகோ பேசும்படம் என்று அதைச் சொல்வார்கள். ஒலிக்கருவி ரோட்ரிகஸ் சகோதரர்களுடையது. இயக்கியவர் அன்டோனியோ மொரேனோ, ஹாலிவுட் மௌனப்பட நாயகனாக இருந்தவர். ஏமாற்றப்பட்டு விலைமகளாகும் கிராமத்துப் பெண் வேடம். லூபிதாவின் நடிப்பின் உச்சம் அங்கேதான், 'டிராகுலா'வில் அல்ல.

அவர் பிறந்தது 1910, மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்து மத்தியாஸ் ரொமேரோவில். ஆவணப்பட இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி அவரைக் கண்டெடுத்தார். ஃபாக்ஸ் பட நிறுவன ஒப்பந்தத்தோடு லூபிதா ஹாலிவுட் போனார். பேசும்படம் வந்ததும் ஆங்கிலம் தடையாக நின்றது. ஸ்பானியப் படங்கள்தான் கைகொடுத்தன. கோனரை 1932-இல் மணந்தார். 1940-களோடு நடிப்பு நின்றது. 2016-இல், 106 வயதில் காலமானார்.

இன்னொன்று: 'டிராகுலா'வுக்கு முன்பே 'லா வொலுந்தாத் தெல் முவெர்தோ' (1930) என்ற ஸ்பானியப் பேய்ப்படத்திலும் அவர்தான் நாயகி. அது இன்று கிடைப்பதில்லை. முழுப்படம் என்று யாராவது இணைப்பு கொடுத்தால் நம்பிவிடாதீர்கள்.