ஹார்டுவேர் செக்யூரிட்டி பயிற்சி: எதில் சேரலாம்?

கேள்வி:
வணக்கம். ஆறு வருடமாக ஃபர்ம்வேர், அதாவது கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள், எழுதுகிறேன். புது போர்டில் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடுவது), ரகசியச் சாவி சேமிப்பு எல்லாம் என் தலையில் விழுந்திருக்கிறது. கம்பெனி ஒரு பயிற்சிக்கு அனுப்பத் தயார். தகவலைப் பூட்டும் கிரிப்டோகிராஃபியா, சிப்பையே அளந்து உடைக்கும் ஹார்டுவேர் தாக்குதலா, எது முதலில்?

பதில் 1:
முதலில் கிரிப்டோ. ஆனால் நிரூபணம் மட்டும் நடத்துகிற வகுப்பு வேண்டாம், தவறாகப் பயன்படுத்தினால் எப்படி உடைகிறது என்று காட்டுகிற வகுப்பாகப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 3 கதையையே எடுத்துக்கொள்ளுங்கள், ஈசிடிஎஸ்ஏ என்ற டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டிய ரகசிய எண்ணை சோனிக்காரர்கள் மாற்றாமலே வைத்திருந்தார்கள், இரண்டு கையெழுத்தை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட அல்ஜீப்ராவிலேயே சாவியை எடுத்துவிடலாம் என்பதை 2010 கடைசியில் ஹேக்கர்கள் மேடையேறிக் காட்டிவிட்டார்கள். கிரிப்டோபால்ஸ் தளத்தில் கிரிப்டோவை உடைத்துப் பழகும் கணக்குகள் செட் செட்டாக இருக்கின்றன, இலவசம், இரண்டு செட்டாவது போட்டுவிட்டுப் போங்கள்.

பதில் 2:
சரிதான், ஆனாலும் கை வைக்காமல் ஹார்டுவேர் புரியாது. நான் போன வகுப்பில் சிப்பின் மின்சாரத்தை அளக்கும் சிப்விஸ்பரர் போர்டு கொடுத்தார்கள். ஏஇஎஸ்-128 என்ற பூட்டும் முறை ஓடும்போது சிப் இழுக்கிற மின்சாரத்தை அளந்தால் திரையில் ஒரே மாதிரி வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது, எண்ணிப் பார்த்தால் அதுதான் ரவுண்டுகள், அந்த முறை திரும்பத் திரும்பச் செய்கிற சுற்றுகள்! பிறகு இந்த அளவீடுகளிலிருந்தே சாவியை எடுத்தோம், கிரிப்டோ ஆய்வாளர் பால் கோச்சர் குழு 1999-இல் எழுதிய முறைதான், பாதுகாப்பில்லாத சிப்பில் சில நூறு அளவீடுகளுக்குள் சாவியின் 16 பைட்டும் விழுந்துவிட்டது. பணம் கட்டும் முன் ஆளுக்கு ஒரு போர்டு தருவார்களா என்று கேளுங்கள், நான்கு பேருக்கு ஒன்று என்றால் வேடிக்கைதான் பார்ப்பீர்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. இன்று இரவே முதல் செட் தொடங்குகிறேன், போர்டு விஷயத்தை நாளை கேட்டுவிடுகிறேன்.