1/35 அளவு உருவங்களின் முகம்: கண்ணையும் மண்ணிறத் தோலையும் இயல்பாகத் தீட்டுவது எப்படி?

வெள்ளவத்தை வாசகன்:

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். கொழும்பு புறக்கோட்டையின் சந்தைத் தெரு ஒன்றை 1/35 அளவில், அதாவது உண்மை அளவின் 35இல் ஒரு பங்காக, சிற்றுருவக் காட்சியாக அமைத்து வருகிறேன். கைவண்டி இழுக்கும் நாட்டாமைத் (சுமை தூக்கும்) தொழிலாளர்களும், நடைபாதையில் தேசிக்காய் விற்கும் ஒரு வயோதிபரும் அதில் இடம்பெறுகிறார்கள். வண்டியும் சாக்கு மூட்டைகளும் மனதுக்கு நிறைவாக அமைந்துவிட்டன. முகங்கள் மட்டும் வரவில்லை. கண்ணில் வெள்ளையிட்டுக் கருவிழியைப் புள்ளியாக வைத்தால், எல்லோரும் எதையோ கண்டு திடுக்கிட்டவர்கள் போல விழிக்கிறார்கள். தோலுக்கென விற்கப்படும் அக்ரிலிக் வர்ணங்கள் ஐரோப்பியரின் நிறத்தை மனதிற்கொண்டு தயாரிக்கப்பட்டவை. அவற்றில் மண்ணிறம் கலந்தால் முகம் சாம்பல் பூத்துப் போகிறது. நாளும் நாம் தெருவில் காணும் மனிதர்கள் பொம்மைகளாக நிற்பதை மனம் ஏற்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி காட்டுவீர்களா?

நுண்தூரிகை:

வணக்கம் தம்பி. முதலில் அளவைப் பார்ப்போம். ஐந்தே முக்கால் அடி உயரமான ஒருவர் 1/35 அளவில் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் உயரமே இருப்பார். மனிதக் கண்ணின் திறப்பு சுமார் 30 மில்லிமீற்றர் அகலமானது என்பதால், உங்கள் உருவத்தில் அது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. 12 மில்லிமீற்றர் அளவுள்ள கருவிழி அதில் மூன்றிலொரு மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். இவ்வளவு சிறிய இடத்தில் தூய வெள்ளையை வைத்தால், முகத்தில் வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதோடு, அமைதியாகப் பார்க்கும் ஒருவரின் கருவிழியின் மேல் விளிம்பை இமை பொதுவாகச் சற்று மூடியிருக்கும். கருவிழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெள்ளை தெரிவது அச்சத்தின் அடையாளம். உங்கள் உருவங்கள் திடுக்கிட்டு நிற்பதற்குக் காரணம் அதுவே.

ஆகவே கண்குழி முழுவதையும் கரும் மண்ணிறத்தால் நிரப்புங்கள். அது உலர்ந்தபின், தந்த நிறத்தில் சிறிது மண்ணிறம் கலந்து, ஓரங்களில் கருமை எஞ்சும்படி ஒரு மெல்லிய கோடு இடுங்கள். கருவிழியைப் புள்ளியாக வைக்காமல், மேலிமையில் தொடங்கிக் கீழிமையில் முடியும் சிறு நிமிர்கோடாக இழுங்கள். இரண்டு கண்களும் ஒரே திசையைப் பார்ப்பதற்கு, நேர்ப்பார்வையை விடப் பக்கப்பார்வை எளிது. ஆலயத்தில் திருவுருவத்தின் கண்ணைக் கடைசியில் திறப்பது நம் மரபு. பௌத்த விகாரைகளிலும் புத்தர் சிலையின் கண்ணை இறுதியாக, கண்ணாடியில் பார்த்தபடியே தீட்டுவார்கள். சிற்றுருவத்திலோ கண்ணை முதலில் முடிப்பதே நல்லது, ஏனெனில் கோடு விலகினாலும் பின்னர் பூசும் தோல் நிறத்தால் இமையைச் சீராக வரையலாம்.

இன்னொன்றும் உண்டு. நண்பகல் வெயிலில் மூட்டை சுமப்பவர் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் நடப்பார். அவருக்கு வெள்ளையே தேவையில்லை. ஒரு கருங்கோடும், அதன் கீழ் இமைச் சதையில் சிறு வெளிச்சமும் போதும்.

தூரிகைச்செல்வி:

மேலே சொன்னவற்றுடன் முழுமையாக உடன்படுகிறேன். தோலின் நிறத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் மக்களின் நிறத்தை வெறும் மண்ணிறமாகப் பூசிவிட்டு விடுவது எனக்கு வருத்தம் தரும் பழக்கம்.

முகம் சாம்பலாவதற்குக் காரணம், வெளிச்சத்துக்காகச் சேர்க்கப்படும் வெள்ளை. மண்ணிறத்தோடு வெள்ளை சேர்ந்தால் அதன் சூடு போய்விடும். பேர்ண்ட் அம்பரையும் (கரும் மண்ணிறம்) பேர்ண்ட் சியன்னாவையும் (செம்மண்ணிறம்) கலந்து அடிநிறமாக வையுங்கள். வெளிச்சத்துக்கு யெல்லோ ஓக்கரும் (மங்கிய மண்மஞ்சள்) சிறிது செம்மஞ்சளும் சேருங்கள். மிக உயர்ந்த புள்ளிகளில் மட்டும் தந்த நிறம் வரட்டும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அம்பரோடு கருநீலமோ கருஞ்சிவப்போ கலந்தால் நிழலுக்குள்ளும் குருதியோட்டம் தெரியும். கருந்தோலில் வெளிச்சம் பரந்து படிவதை விட, நெற்றி, கன்ன எலும்பு, மூக்கு நுனி ஆகிய இடங்களில் கூர்மையாகத் தெறிக்கும். எனவே அந்த இடங்களைச் சிறியனவாகவும் பிரகாசமாகவும் வையுங்கள். மூக்கிலும் காதிலும் மெல்லிய செம்மை, சவரம் செய்த தாடையில் நீலம் கலந்த மங்கல், கீழுதட்டில் மட்டும் சிறு வெளிச்சம். மேலுதடு நிழலில் இருக்கட்டும்.

வெளிச்சம் எங்கே விழும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் கொழும்பின் நேர் உச்சியில் நிற்கும். பிரைமர் (வர்ணத்துக்கு முன் இடும் அடிப்பூச்சு) மட்டும் பூசிய உருவத்தை ஒரு விளக்கின் நேர் கீழே வைத்துக் கைபேசியில் படமெடுங்கள். புருவத்தின் கீழும் மூக்கின் கீழும் கீழுதட்டின் கீழும் விழும் நிழல்களே உங்கள் வரைபடம்.

வெள்ளவத்தை வாசகன்:

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. 000 இலக்கத் தூரிகையைத்தான் பயன்படுத்துகிறேன். அதன் நுனியில் வர்ணம் முகத்தைத் தொடுமுன்பே உலர்ந்துவிடுகிறது. இதற்கு என்ன செய்யலாம்?

நுண்தூரிகை:

மிகச் சிறிய தூரிகையில் வர்ணம் தங்குவதற்கு இடமில்லை. 0 அல்லது 1 இலக்கத்தில், நுனி கூராகச் சேரும் கொலின்ஸ்கி (மரநாய் இன விலங்கு) மயிர்த் தூரிகை ஒன்றை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆயினும் வர்ணத்தைத் தேக்கி வைத்து நுனிக்குச் சிறிது சிறிதாக விடும். தீட்டும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். மூடியுள்ள பெட்டியில் நனைத்த பஞ்சுத் தகட்டை விரித்து, அதன்மேல் பேக்கிங் தாளை வைத்து வர்ணத்தைக் கலந்தால் நெடுநேரம் உலராது. நம் காலநிலையில் அதில் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் நீரை அடிக்கடி மாற்றுங்கள்.

இறுதியாகப் பூசும் மங்கல் வார்னிஷை மழை நாளில் விசிறாதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது வெண்புகையாகப் படிந்து, கண்ணுக்கிட்ட உழைப்பையெல்லாம் மறைத்துவிடும். வானம் தெளியாவிட்டால் தூரிகையால் மெல்லியதாகப் பூசுங்கள். அது உலர்ந்த பின்னர் கருவிழியிலும், வண்டி இழுப்பவரின் நெற்றியில் வியர்வை துளிர்க்கும் இடத்திலும் மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி வையுங்கள்.