செல்லி என்ன நெனைக்கிறா?

குழு: அப்பாரு தோட்டம்

சனிக்கிழமை

கீர்த்தி: பெரியப்பா, நம்ம குதிரை செல்லியோட போட்டோ ஒண்ணு அனுப்புங்க. முகம் தெளிவாத் தெரியோணும், ரெண்டு கண்ணும்.

பெரியப்பா: எதுக்கு கண்ணு

கீர்த்தி: இங்க பெங்களூர்ல ஒருத்தங்க அனிமல் கம்யூனிகேட்டரா இருக்காங்க. போட்டோவை வெச்சே மிருகத்தோட பேசுவாங்க. செல்லி மூணு வாரமா கடிவாளம் போட விடமாட்டேங்குறா, தலையத் தலைய உதறுறான்னீங்கல்ல? மனசுல என்ன இருக்குன்னு கேட்டுச் சொல்லுவாங்க.

காங்கேயம் மாமா: நேர்ல வரமாட்டாங்களா? எங்கூர்க் கோடாங்கியே நேர்ல உக்காந்து உடுக்கையடிச்சுத்தான் சொல்லுவான்

பெரியம்மா: காசு எவ்வளவு

கீர்த்தி: 2500. நான் குடுத்துக்கறேன் பெரியம்மா

பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: அண்ணி, நீங்க அழிச்சாலும் என்ன எழுதியிருப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியும்

காங்கேயம் மாமா: மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் குடுத்த காசுல கோயில் கட்டுனாரு. எங்க மச்சான் போர்வெல் போட வெச்சிருந்த காசுல குதிரை வாங்குனாரு. இப்ப அது என்ன நெனைக்குதுன்னு கேக்க இன்னொரு 2500

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: வெடியால எடுத்தது. கண்ணு நல்லா உழுந்திருக்குதா

ஞாயிற்றுக்கிழமை

கீர்த்தி: வந்துடுச்சு! அவங்க ஆடியோல சொன்னதை அப்படியே எழுதறேன். "செல்லிக்கு ஒரு பழைய தோழி நெனப்பு. வெள்ளை நிறம். பிரிஞ்ச வருத்தம் ஆறலை. முந்தி இருந்த எடத்துல மீசை வெச்ச ஒருத்தர் முரட்டுத்தனமா நடந்துக்கிட்டாரு. தாடைப் பக்கம் ஒரு கனம், சொல்ல முடியாத வார்த்தையெல்லாம் அங்க தேங்கி நிக்குது. நீலக் கலர் புடிக்கலை."

காங்கேயம் மாமா: அந்தியூர்ச் சந்தையில மீசையில்லாத குதிரை யாவாரி ஒருத்தனைக் காட்டுங்க, எம் மீசைய எடுத்துடறேன்

பெரியப்பா: ஆனா வெள்ளைக் குதிரை ஒண்ணு பக்கத்துல கட்டியிருந்துதுங்க. எனக்கு நல்லா நெனப்பிருக்குது

காங்கேயம் மாமா: மச்சான், ஆடித் தேர்ச் சந்தையப்ப அந்தியூர்க் குருநாதசாமி கோயில்ல எந்த மூலையில நின்னாலும் பக்கத்துல ஒரு வெள்ளைக் குதிரை நிக்கும்

பெரியம்மா: அப்பத்தா கேக்கறாங்க, குதிரை அந்தப் பொண்ணுகிட்ட எந்த பாஷையில பேசுச்சாம்? செல்லி மார்வாடி ஜாதிக் குதிரை, ராஜஸ்தான் பக்கம். நம்ம பேச்சு புரியவே அவளுக்கு ரெண்டு வருசமாச்சு

அத்தை: 😂😂

கவின்: கீர்த்தி, காசு கட்டறதுக்கு முந்தி ஃபார்ம் ஏதாச்சும் நிரப்பினியா?

கீர்த்தி: ஆமா. வயசு, பேரு, எங்க வாங்கினது, என்ன பிரச்சினைன்னு.

கவின்: கடிவாளம் போட விடலைன்னு எழுதினியா?

கீர்த்தி: எழுதினேன்

கவின்: கடிவாளம் எங்க போடுவாங்க? வாயில. அதான் தாடையில கனம்.

கீர்த்தி: நாமக்கல்ல மூணாவது வருசம் வெட்னரி படிக்கறேன்னு இப்படிப் பேசாத

கவின்: திட்டலை, ஒரு கதை சொல்றேன் கேளு. நூறு வருசத்துக்கு முந்தி பெர்லின்ல ஹான்ஸ்னு ஒரு குதிரை. ஃபான் ஓஸ்டன்ங்கற ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் வளர்த்தது. கூட்டல் கேட்டா குளம்பால தட்டி விடை சொல்லும். 1904-ல ஒரு குழு வந்து பாத்து, இதுல ஏமாத்து வேலை எதுவுமில்லைன்னே சொல்லிட்டாங்க. அவருக்கே குதிரை கணக்குப் போடுதுன்னு முழு நம்பிக்கை, காசு கூட வாங்கலை.

கவின்: அப்புறம் ஆஸ்கர் ஃபங்ஸ்ட்னு ஒருத்தர் உக்காந்து சோதிச்சாரு. கேக்கற ஆளுக்கே விடை தெரியாட்டி ஹான்ஸுக்கும் தெரியலை. கேக்கற ஆளு அதோட கண்ணுக்குத் தெரியாட்டியும் தப்பு. என்னன்னா, தட்டற எண்ணிக்கை சரியான விடைக்கு வந்ததும் கேக்கற ஆளோட தலை லேசா அசையுது, அவருக்கே தெரியாம. அதைப் பாத்துக் குதிரை நிறுத்திக்குது. விசயம் தெரிஞ்ச பின்னாடி ஃபங்ஸ்டாலயே அந்த அசைவை அடக்க முடியலையாம்.

அப்பா: அப்ப மனசைப் படிச்சது குதிரைதான், மனுசன் இல்ல

கவின்: கரெக்ட் சின்ன மாமா. ஹான்ஸாவது எதிர்ல நின்ன ஆளைப் பாத்துச்சு. இங்க செல்லி 300 கிலோமீட்டர் தள்ளி நிக்குது. அவங்க படிச்சது கீர்த்தி எழுதின ஃபார்மை.

கீர்த்தி: சரி. பெரியப்பா உடம்புல முடிச்சுழி ராசி பாத்து வாங்கினாரே, அது மட்டும் என்னவாம்?

பெரியப்பா: சுழி வேற கண்ணு

கீர்த்தி: எப்படி வேற?

பெரியப்பா: வேற

காங்கேயம் மாமா: சுழி சுத்தம்னு சொல்லித்தான் 15,000 சேத்து வாங்குனான் அந்த மீசைக்காரன்

கவின்: மாமா, அதை விடுங்க. தீனி எப்படித் திங்குது?

பெரியப்பா: திங்குது. கொஞ்சம் நேரமாகுது

பெரியம்மா: கொஞ்சமா? சோளத்தட்டை மென்னு மென்னு சாணியுருண்டையாட்டம் துப்பி வெக்கிறா. பத்து நாளாக் கட்டுத்தரையில கூட்டி அள்ளறது நாந்தான். தலைய ஒருபக்கமாச் சாச்சு மெல்லறா, எச்சி ஒழுகுது. சொன்னேன். ஆரு கேட்டீங்க?

கவின்: அத்தை!! இதை மொதல்லயே குழுவுல போட்டிருக்கலாமில்ல

பெரியம்மா: எங்கிட்ட ஆரு கேட்டாங்க? எல்லாரும் குதிரைகிட்டயில்ல கேட்டுட்டு இருந்தீங்க

கவின்: பல்லுதான்னு நெனைக்கிறேன். மாமா, முகத்தை வீடியோ எடுத்துப் போடுங்க. காது பின்னாடி விறைப்பாப் போகுதா, கண்ணுக்கு மேல குழியில இறுக்கம் இருக்குதா, மெல்லற தசை பொடைச்சுட்டு நிக்குதா, மூக்குத் துவாரம் இறுகியிருக்குதான்னு பாக்கோணும். வலியை முகத்துல பாக்கறதுக்குன்னே 2014-ல அட்டவணை போட்டிருக்காங்க. வாய்க்குள்ள மட்டும் கையை உட்டுறாதீங்க.

பெரியப்பா: [வீடியோ]

பெரியப்பா: காது பின்னாடி போகுது மாப்ள. எம்மேல கோவம்னு நெனச்சேன்

செவ்வாய்க்கிழமை

பெரியப்பா: டாக்டர் வந்துட்டுப் போயிட்டாரு. கவினோட சீனியர்தான். மயக்க ஊசி லேசாப் போட்டு, வாயை அகட்டி வெக்கற இரும்பை மாட்டி, டார்ச்சு லைட் அடிச்சுக் காட்டுனாரு. மேல்வரிசைப் பல்லு வெளியோரம் கத்தியாட்டம் இருக்குது. கன்னத்துக்குள்ள ரெண்டு புண்ணு, சின்ன வெரல் நகத்தளவு. கடிவாள வாரை இழுத்தா கன்னம் அந்தப் பல்லுல போய் அழுந்துதாம்

பெரியப்பா: நான் மூணு வாரமா இழுத்திருக்கறேன்

அத்தை: அய்யோ பாவம். அண்ணா நீங்க வெசனப்படாதீங்க, உங்களுக்கெப்படித் தெரியும்

கவின்: குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். பல்லு வேற வருசத்துக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் வெளிய வந்துட்டே இருக்கும். புல்லை மென்னா தாடை பக்கவாட்டுல நல்லா அரைக்கும், தேய்மானம் சரியாகும். தவிடும் வேகவெச்ச கொள்ளும் அதிகமாப் போட்டா அந்தளவு அரைக்காது, ஓரம் கூர் நின்னுக்கும்.

பெரியம்மா: தெனமும் ரெண்டு படி கொள்ளு. எங்க வீட்டுல மனுசனுக்குக்கூட அந்த கவனிப்பு இல்ல

பெரியப்பா: அரம் போட்டு ராவி உட்டாரு. ஆறு பேரு புடிக்கோணும்னு நெனச்சா அவ தூங்கற கொழந்தையாட்டம் நிக்கறா. புண்ணு ஆற ரெண்டு வாரம் கடிவாளம் வேண்டாம்னாரு. இனி வருசம் ஒருக்கா வாயைப் பாக்கோணுமாம். கொழுக்கட்டைப்புல்லு கொறங்காட்டுல கெடக்குது, மேய உடப் போறேன்

கீர்த்தி: ஆனா தாடைன்னு அவங்க சொன்னது சரியாத்தானே வந்துச்சு?

கவின்: தாடைன்னாங்க. பல்லுன்னு சொல்லலை. சொல்லாத வார்த்தை தேங்கியிருக்குதுன்னாங்க. தேங்கியிருந்தது சோளத்தட்டு.

காங்கேயம் மாமா: 😂

கவின்: இன்னொண்ணு கீர்த்தி, குதிரைகிட்டக் கேக்கவே முடியாதுன்னு நான் சொல்லலை. நார்வேல 23 குதிரைக்குப் பலகையில குறி போட்டுப் பழக்கினாங்க. ஒரு குறி போர்வை போடு, ஒண்ணு எடுத்துடு, ஒண்ணு இருக்கறபடியே விடு. ரெண்டு வாரத்துக்குள்ள எல்லாமே கத்துக்கிச்சு. குளிர்ற அன்னிக்குப் போர்வை கேக்குதாம், வெயில் நாள்ல எடுக்கச் சொல்லுதாம். 2016-ல வந்த ஆராய்ச்சி.

கீர்த்தி: இதை அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்கு 2500 மிச்சம்

அப்பா: அந்தத் தோழி விசயம் என்ன மாப்ள? ஒரே குதிரையாத் தனியாத்தான் நிக்குது

கவின்: கூட்டத்துல வாழற ஜாதிங்க சின்ன மாமா. தனியாக் கட்டி வெச்ச எந்தக் குதிரைக்கும் துணையில்லாத ஏக்கம் இருக்கும். அதைச் சொல்ல போட்டோ வேண்டாம். வெளிநாட்டு ரேஸ் லாயத்துல துணைக்கு ஒரு ஆட்டைக்கூடக் கட்டி வெப்பாங்க.

பெரியப்பா: ஆடா

கவின்: ஆமாங்க மாமா

பெரியம்மா: கவினு, நீ வாயை மூடு

வெள்ளிக்கிழமை

பெரியம்மா: [படம்]

பெரியம்மா: இது என்ன

அப்பா: ஆட்டுக்குட்டிங்க அண்ணி

பெரியம்மா: அது தெரியுது. ஆரு வாங்கிட்டு வந்ததுன்னு கேக்கறேன்

பெரியப்பா: கறிக்கு. நோம்பிக்கு ஆகும்ல

காங்கேயம் மாமா: மச்சான், வெள்ளையா வாங்கியிருக்கீங்க?

பெரியப்பா: சந்தையில அதுதான் கெடச்சுது

கவின்: செல்லி பக்கத்துலயே கட்டியிருக்கீங்க மாமா

பெரியப்பா: வேற எடமில்ல மாப்ள

பெரியம்மா: அஞ்சு ஏக்கரு

கீர்த்தி: பெரியப்பா, பேரு வெச்சாச்சா?

பெரியப்பா: கறிக்கு வாங்குன ஆட்டுக்கு எவனாச்சும் பேரு வெப்பானா கண்ணு

பெரியம்மா: வெடியால அஞ்சு மணிக்குக் கட்டுத்தரையில நின்னு "வெள்ளச்சி, வெள்ளச்சி"ன்னு கூப்புட்டது எங் காதுல உழுந்துச்சு. அப்பத்தாளுக்கும் உழுந்துச்சு