ஜீன் கிளார்க் விமானத்துக்குப் பயந்து ஓடினாரா?

ஜெலுத்தோங்_கிட்டார்:
அமெரிக்க ராக் குழுவான பேர்ட்ஸில் பாடிய ஜீன் கிளார்க்கைப் பற்றி நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "பேர்ட்ஸ் குழுவை விட்ட பிறகு ஜீன் கிளார்க் ஒன்றும் கிழிக்கவில்லை. விமானத்துக்குப் பயந்து ஓடியவர், அவ்வளவுதான்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1966இல் குழுவை விட்டார், சரி. 1971இல் வந்த அவருடைய தனி ஆல்பம் 'வைட் லைட்' கேட்டிருக்கிறீர்களா? கிட்டார், மௌத் ஆர்கன், அந்தச் சோகக் குரல். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். 1974இல் 'நோ அதர்'. எட்டே பாட்டு, ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவு. இவ்வளவு செலவுக்கு எட்டுப் பாட்டுதானா என்று கம்பெனி முதலாளிக்குக் கோபம். பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் 144ஆம் இடத்தோடு நின்றுபோனது. அதே ஆல்பத்தை 2019இல் மறுபடி வெளியிட்டபோது விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இதுவா ஒன்றும் கிழிக்காதது?

செந்தூல்_70:
எழுதியது நான்தான். மாற்றிக்கொள்ள மாட்டேன். பேர்ட்ஸோடு நியூயார்க் போக ஏறிய விமானத்திலிருந்து, கிளம்பும் முன்பே பயந்து இறங்கினாரா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் அண்ணே.

ஜெலுத்தோங்_கிட்டார்:
இறங்கினார். ஓடவில்லை. பேர்ட்ஸின் முதல் ஆல்பத்தில் அவர்களே எழுதிய பாட்டு ஐந்து. ஐந்திலும் இவர் கை உண்டு. அதனால் இவருக்கு மற்றவர்களைவிட அதிகப் பணம் வந்தது, அவர்களுக்குப் பொறுக்கவில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு விமானம், விமானம் என்றால் எப்படி?

செந்தூல்_70:
அந்த ஐந்தும் பேர்ட்ஸ் பாட்டு! நான் கேட்டது தனியாக வந்த பிறகு. இன்னொன்று, 1967இல் பேர்ட்ஸில் இருந்த கிராஸ்பியைக் குழுவைவிட்டு அனுப்பியபோது கிளார்க் மறுபடி சேர்ந்தாரே, எத்தனை நாள் இருந்தார்? சில வாரம். காரணம்? மறுபடி விமானம். கேட்டால் கோபம் வருகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வயலின்:
'எய்ட் மைல்ஸ் ஹை' லண்டனுக்குப் பறந்து போன அனுபவத்தில் பிறந்த பாட்டு. வரிகளில் பெரும்பகுதி கிளார்க் எழுதியது. பயந்தவர்தான் பறப்பதைப் பற்றி அப்படி எழுத முடிந்தது. அதைப் பேசுங்களேன்.

செந்தூல்_70:
அக்கா, அதுவும் பேர்ட்ஸ் பாட்டு.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வயலின்:
தம்பி, போன வருஷம் என்னிடம் 'நோ அதர்' இசைத்தட்டை இரவல் வாங்கினீர்கள். இரண்டாம் பக்கம் முழுக்கக் கீறலோடு திரும்பி வந்தது. முழுசாகக் கேட்டிருந்தால் இப்படிப் பேச மாட்டீர்கள்.

செந்தூல்_70:
கீறல் முன்னாடியே இருந்தது. அம்கார்ப் மால் ஞாயிறு சந்தையில் வாங்கிய தட்டு அது, எப்படி இருக்கும்?

பிரிக்ஃபீல்ட்ஸ்_வயலின்:
அறுபது வெள்ளி கொடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினேன்.

ஜெலுத்தோங்_கிட்டார்:
தட்டுச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் பிளான்ட்டும் அலிசன் கிராஸும் சேர்ந்து பாடிய 2007 ஆல்பத்தில் 'பாலி' உட்பட இரண்டு பாட்டு கிளார்க்குடையது. இரண்டும் பேர்ட்ஸை விட்ட பிறகு, பாஞ்சோ வாசிக்கும் டக் டில்லார்டோடு சேர்ந்திருந்த காலத்தில் எழுதியவை. அந்த ஆல்பம் 2009இல் கிராமி விருது வாங்கியது.

செந்தூல்_70:
டில்லார்டோடு என்றால் அது தனி ஆளா? அதுவும் ஒரு குழு. கிராமி வாங்கியது பிளான்ட். பினாங்குக்காரர்களுக்கே இது பழக்கம், யாரோ வாங்கிய பரிசைத் தன் வீட்டு அலமாரியில் வைப்பது.

ஜெலுத்தோங்_கிட்டார்:
ஊரை இழுக்காதீர்கள். ஆலிகேட்ஸ் இசைக்குழு பிறந்த ஊர் எங்கள் ஊர். பாட்டு என்றால் என்னவென்று செந்தூலிலிருந்து யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் பதினேழு வயதில் ஃபெரியில் பட்டர்வொர்த் போகும்போதெல்லாம் 'வைட் லைட்' கேசட்டைத்தான் கேட்டுக்கொண்டு போவேன். நாடா தேய்ந்து அறுந்தே போனது. அந்த மனுஷனை 'ஓடியவர்' என்று எழுதினால் சும்மா இருக்க மாட்டேன்.

செந்தூல்_70:
ஃபெரியில் போனீர்களா? உங்களுக்கும் விமானம் ஆகாது போலிருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வயலின்:
தம்பி, அந்த அறுபது வெள்ளி?

ஜெலுத்தோங்_கிட்டார்:
கடைசியாகச் சொல்கிறேன். இறங்கினார். ஓடவில்லை. 'நோ அதர்' எட்டுப் பாட்டையும் நாளையிலிருந்து ஒவ்வொன்றாக வரி வரியாக இங்கே எழுதப்போகிறேன்.

செந்தூல்_70:
எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே விமானம் என்று எழுதுவேன்.