வகுப்பறைச் சத்தம் தாங்காத பிள்ளைகள்: உங்கள் அனுபவம் என்ன?

காட்பாடியிலிருந்து ஓர் ஆசிரியை:

காட்பாடி பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். சத்தம் தாங்காத பிள்ளை ஒன்றிரண்டு பேராவது என் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள். "வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஆசிரியர் அறையில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதைத் தொடங்குகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சத்தத்தின் அளவே வலியாக இருக்கும் பிள்ளை வேறு, குறிப்பிட்ட ஓர் ஓசை மட்டும் ஆகாத பிள்ளை வேறு. முன்னதை ஹைப்பர்அக்யூசிஸ் என்கிறார்கள். நமக்குச் சாதாரணமாக இருக்கும் சத்தம் அந்தப் பிள்ளைக்குக் காதைக் குத்தும். பின்னது மிசோஃபோனியா. பக்கத்தில் ஒருவர் மெல்லுவது, மூக்கை உறிஞ்சுவது, பேனாவை டக் டக்கென்று அமுக்குவது என ஓசை சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் கேட்பவருக்குக் கோபம் தலைக்கேறும். இதற்குப் பெயர் வைத்ததே 2001-இல்தான், ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதியர் வைத்தார்கள். ஊரில் யாருக்கும் தெரியாததில் வியப்பில்லை.

என் வகுப்பில் முதல் வகைப் பையன் ஒருவன். எல்லோரும் சேர்ந்து உரக்கப் படிக்கத் தொடங்கினால் மேசைக்கு அடியில் குனிந்துவிடுவான். எங்கள் பள்ளி மணி இன்னமும் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான், அதற்கு நேர் எதிரே எங்கள் வகுப்பு. அறையோ சிமெண்டுத் தரை, காங்கிரீட் கூரை, வெறும் சுவர். எழுந்த சத்தம் அடங்க இடமே இல்லை. மார்ச் வந்தால் மின்விசிறி முழு வேகத்தில் ஓடும், ஜன்னலைச் சாத்தவும் முடியாது. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. சாலையில் போகும் பஸ் டிரைவரிடம் இதை யார் சொல்வது?

சாலையை விட்டுவிட்டு அறையைப் பார்த்தோம். சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட பழைய ட்யூப்பை வளையமாக நறுக்கி எல்லா பெஞ்சுக் கால்களுக்கும் மாட்டினோம். தரையில் பெஞ்சை இழுக்கும்போது வரும் அந்தக் கீறல் சத்தம் போய்விட்டது. செலவு ஏதும் இல்லை. பின்சுவரில் தடிமனான பழைய ஜமுக்காளம் ஒன்றைச் சுவரோடு ஒட்டாமல் சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிட்டோம். அந்த இடைவெளி முக்கியம், துணி இன்னும் நன்றாகச் சத்தத்தை உள்வாங்கும். சிலர் தெர்மோகோல் ஒட்டுகிறார்கள், முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். பார்க்க ஏதோ செய்த மாதிரி இருக்கும், சத்தம் குறைவது மிகக் குறைவு.

இரண்டாவது வகைக்கு ஒரு பெண். நன்றாகப் படிப்பவள் என்று முதல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். வகுப்பின் எல்லா உறிஞ்சலும் மெல்லலும் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தன, எங்கிருந்து என்றும் தெரியாது. கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக மாற்றினேன். "கடைசி பெஞ்சா?" என்று சக ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். பின்னால் யாரும் இல்லை, முன்னால் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: எந்த ஓசை ஆகாது என்பதை வகுப்பில் அறிவிக்காதீர்கள். மறுநாளே பத்துப் பேர் அதைச் செய்து பார்ப்பார்கள்.

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா:

வணக்கம் டீச்சர். என் மகன் ஐந்தாவது படிக்கிறான். நீங்கள் சொன்ன முதல் வகை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்தால் ஊரே வீதியில் இருக்கும், நாங்கள் மட்டும் வாண வேடிக்கைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். மாமியார் இதற்காக என்னிடம் பேசாமல் இருந்ததும் உண்டு, சாமி காரியம் பாருங்கள்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் இவன் நிம்மதியாகத் தூங்குவான். பள்ளியில் ஒரு தட்டு கீழே விழுந்தால் அழுவான். முன்பு படித்த பள்ளியில் இதைச் சொன்னபோது, "நடிக்கிறான், வேண்டுமென்றால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலூரில் காதுப் பரிசோதனை செய்தோம். கேட்கும் திறன் சரியாகவே இருக்கிறது. பிறகு எந்த அளவில் சத்தம் தாங்க முடியாமல் போகிறது என்று தனியாகப் பார்த்தார்கள். பொதுவாக 100 டெசிபல் அளவு வரை பொறுத்துக்கொள்வார்களாம், இவன் அதற்கு வெகு முன்பே கையைத் தூக்கிவிட்டான். நான் உடனே காதை மூடும் மஃப் வாங்கி நாள் முழுக்க மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். அங்கே இருந்த செவிப்பரிசோதகர் தடுத்தார். எந்நேரமும் மூடியே வைத்திருந்தால் காது இன்னும் கூசத் தொடங்கும், அவசியமான நேரத்துக்கு மட்டும் போதும் என்றார். இப்போது பிரேயரில் டிரம் அடிக்கும்போது மாட்டிக்கொள்வான், வகுப்புக்குள் வந்ததும் கழற்றிவிடுவான்.

தறி விஷயத்தையும் அவர்தான் விளக்கினார். தறிச் சத்தம் ஒரே சீராக வருகிறது, எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரியும். தட்டு விழுவது தெரியாது. அதைக் கேட்டபின் இப்போதைய மிஸ்ஸிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். மணி அடிக்கச் சற்று முன்னால் அவர் இவனைப் பார்த்துக் கையைக் காட்டுவார். இவன் காதைப் பொத்திக்கொள்வான். அவ்வளவுதான், அழுகை இல்லை.

வேலூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்:

எனக்கு இரண்டாவது வகை, டீச்சர். தொடங்கியது வீட்டில். அப்பா காபியை உறிஞ்சிக் குடிப்பார். பெற்ற தகப்பனிடம் எப்படிச் சொல்வது? தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன், திமிர் என்றார்கள். பிரிட்டனின் நியூகாசிலில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வைப் பற்றி அவரிடம் விளக்கினேன். இப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஓசைகள் கேட்கும்போது மூளையின் இன்சுலா என்ற பகுதி மற்றவர்களைவிட மிகக் கூடுதலாக வேலை செய்கிறது, இதயத் துடிப்பும் ஏறுகிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ பாடுகிறது.

கல்லூரியில் பஞ்சு போன்ற நுரை அடைப்பான் வைத்துப் பார்த்தேன். இரண்டு காதிலும் வைத்தால் பேராசிரியர் சொல்லும் சொற்கள் மழுங்கிவிடுகின்றன. உயர்ந்த சுருதி ஓசைகளைத்தான் அது அதிகம் தடுக்கிறது, ச, த போன்ற எழுத்துகள் அதில்தான் இருக்கின்றன. அதனால் பபிள்கம் மெல்லும் நண்பன் இருக்கும் பக்கத்துக் காதில் மட்டும் வைக்கிறேன்.

தேர்வு அறைதான் கொடுமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மிசோஃபோனியா இல்லை, சான்றிதழ் கேட்டு எங்கும் போக முடியாது. கண்காணிப்பாளரின் நல்ல மனதை நம்பித்தான் இடம் மாற்றிக் கேட்க வேண்டும். இன்னொன்று, அமைதி எனக்கு உதவாது. அறை எவ்வளவு அமைதியோ அவ்வளவு தெளிவாக அந்த உறிஞ்சல் கேட்கும். மின்விசிறி இரைந்தால்தான் நான் நிம்மதியாக எழுதுவேன். உங்கள் ஜமுக்காளம் அந்தத் தங்கைக்கு எப்படி என்று தெரியவில்லை.

காட்பாடி ஆசிரியை:

நல்ல கேள்வி தம்பி. ஜமுக்காளம் மாட்டியபின் அவள் முகம் மலரவில்லை என்பது உண்மை. பெஞ்சு சத்தம் போனதில் பையனுக்குத்தான் லாபம்.

இருவரும் ஒரே அறையில் இருப்பதால் மின்விசிறிக்கு ஒரு வழி பார்த்தேன். எங்கள் அறையில் இரண்டு உண்டு. பின்பக்கத்தில் ஓடுவது கிரீச்சிடாமல் இரைச்சல் மட்டும் போடும் ரகம், அது அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் இருக்கிறது. முன்பக்கத்து விசிறியின் பேரிங்கை மாற்றச் சொல்லி எலெக்ட்ரீஷியனிடம் கேட்டிருக்கிறேன், அதுவரை வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பையனை ஜன்னல் ஓரம் உட்கார வைத்திருக்கிறேன். வியர்க்கிறது என்கிறான், ஆனால் இடத்தை மாற்ற வேண்டாம் என்கிறான்.

குடியாத்தம் அம்மா, மணிக்கு முன் கை காட்டும் யோசனையை நாளையே எடுத்துக்கொள்கிறேன். தண்டவாளம் அடிக்கும் எங்கள் உதவியாளர் அண்ணனிடம் சொல்லிவைத்தால் அவரே ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு அடிப்பார்.